ஏற்றிச் செல்லும் பொறுப்பு

உரைநடை உலகம்

நுழையும்முன்

சாலையில் ஓடும் ஊர்திகள் எல்லாம் உருளைகளின் மேல் ஓடுவனவே. ஆயினும் அரிசி மூட்டையை ஏற்றிச் செல்வதும் ஆட்களை ஏற்றிச் செல்வதும் ஒன்றல்ல. லாரி ஓட்ட உரிமம் பெற்ற ஒருவர் பேருந்தை ஓட்டலாமா? வேன் ஓட்டலாமா? தம் லாரியிலேயே உறவினரை ஏற்றிச் செல்லலாமா? அன்றாடம் எழும் இவ்வினாக்களுக்குச் சட்டமும் அறிவியலும் அறமும் தரும் விடைகளை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வண்டியும் முன்னறிவும்

நெடுவழிப் பயணமும் சரக்குப் போக்குவரத்தும் தமிழர்க்குப் புதியன அல்ல. நெய்தல் நிலத்து உப்பை உள்நாடுகளுக்குக் கொண்டு சென்ற உமணர்களைச் சங்க இலக்கியம் பல இடங்களில் காட்டுகிறது. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, அவர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதனைப் புறநானூறு ‘சேமவச்சு’ என்று குறிக்கிறது. துன்பம் நேர்ந்தபின் வருந்துவதைவிட, நேரும் முன்னரே காத்துக்கொள்வது அறிவுடைமை என்பதற்கு அந்த மாற்று அச்சு சான்றாகிறது.

மாட்டுவண்டி மோட்டார் ஊர்தியாக மாறியபோது வேகம் பெருகியது. அதனோடு ஆபத்தும் பெருகியது. எனவே முன்னறிவு தனிமனிதரின் பழக்கமாக மட்டும் இருந்தால் போதாது, அது சட்டமாகவும் ஆகவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இந்தியாவில் 1914ஆம் ஆண்டிலும் 1939ஆம் ஆண்டிலும் மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமாகும். அது 1989 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

குலதெய்வக் கோவிலுக்கு ஒரு பயணம்

ஒரு சிற்றூரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆடி மாதத்தில் ஒரு குடும்பத்தார் குலதெய்வக் கோவிலில் தம் பேரக்குழந்தைக்கு முடியிறக்கிக் காதுகுத்த முடிவு செய்கின்றனர். கோவில் அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புறப்படுவோர் முப்பத்தைந்து பேர். பந்தலுக்குரிய பொருள்களும் சமையல் பாத்திரங்களும் உடன் செல்லவேண்டும். அக்குடும்பத்தில் பெண்ணெடுத்தவர் ஒருவர் இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டி வருபவர்.

“மாப்பிள்ளை, உங்கள் கையில்தான் லாரி உரிமம் இருக்கிறதே! லாரியைக் கொண்டுவந்தால் ஆட்களும் ஏறிக்கொள்ளலாம், பாத்திரங்களையும் போட்டுக்கொள்ளலாம். பேருந்துக்கு எதற்கு வாடகை கொடுக்கவேண்டும்?” என்று கேட்கிறார் மாமனார்.

கேள்வி இயல்பானது, கேட்டவர் தீய எண்ணம் உடையவரும் அல்லர். ஆனால் அக்கேள்விக்குள் இரு வேறு கேள்விகள் ஒளிந்துள்ளன. ‘இவர் எந்தெந்த ஊர்திகளை ஓட்டலாம்?’ என்பது ஒன்று. ‘அந்த ஊர்தியில் யாரை, எதனை ஏற்றலாம்?’ என்பது மற்றொன்று. முன்னது ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியது. பின்னது ஊர்தியின் பதிவையும் அனுமதிச்சீட்டையும் காப்பீட்டையும் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணமாகும்.

எடையே அளவுகோல்

உரிமத்தின் வகையைப் புரிந்துகொள்ள முதலில் எடையைப் புரிந்துகொள்ளவேண்டும். ஊர்தியின் வெற்று எடையோடு அது ஏற்றத்தக்க சுமையையும் சேர்த்து மொத்த எடை என்பர். மொத்த எடை 7500 கிலோகிராமைத் தாண்டாத சரக்கு ஊர்திகளும் பயணிகள் ஊர்திகளும் இலகுரக மோட்டார் வாகனங்கள் ஆகும். வெற்று எடை அந்த அளவைத் தாண்டாத மகிழுந்துகளும் டிராக்டர்களும் இவ்வகையைச் சாரும். மொத்த எடை 12,000 கிலோகிராமுக்கு மேற்பட்டவை கனரக வாகனங்கள். இரண்டுக்கும் இடைப்பட்டவை நடுத்தர வாகனங்கள்.

சட்டம் பயன்பாட்டையும் நோக்குகிறது. சரக்கு ஊர்தி, கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றும் பொதுச்சேவை ஊர்தி, கல்வி நிறுவனப் பேருந்து, நிறுவனங்கள் தம் பணியாளரை ஏற்றிச் செல்லும் தனியார் சேவை ஊர்தி ஆகிய நான்கையும் ‘போக்குவரத்து வாகனம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அது அடக்குகிறது. லாரியும் பேருந்தும் சட்டத்தின் பார்வையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இதனால் விளங்கும்.

பயணிகள் ஊர்திகளுக்குள்ளும் இருக்கைகளின் எண்ணிக்கையால் பிரிவுகள் உண்டு. ஓட்டுநரை நீக்கி ஆறு பேர் வரை வாடகைக்கு ஏற்றிச் செல்வது மோட்டார் கேப். ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றிச் செல்வது மேக்சி கேப். நாம் ‘டாக்சி’ என்றும் ‘வேன்’ என்றும் வழங்குவனவற்றுள் பல இவ்விரு பிரிவுகளில் அடங்கும்.

லாரி உரிமம் எவற்றுக்குச் செல்லும்?

1988ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது நடுத்தரச் சரக்கு வாகனம், நடுத்தரப் பயணிகள் வாகனம், கனரகச் சரக்கு வாகனம், கனரகப் பயணிகள் வாகனம் என நான்கு தனித்தனி உரிம வகைகள் இருந்தன. அந்நாளில் கனரகச் சரக்கு வாகனத்துக்கு மட்டும் உரிமம் பெற்றவர் பேருந்தை ஓட்ட இயலாது. 1994ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் அந்நான்கையும் நீக்கிவிட்டு, ‘போக்குவரத்து வாகனம்’ என்னும் ஒரே வகையை அவற்றின் இடத்தில் வைத்தது. இம்மாற்றமே நம் வினாவுக்கு அடிப்படையான விடையைத் தருகிறது.

இன்று போக்குவரத்து வாகனத்துக்குரிய உரிமம் பெற்று லாரி ஓட்டும் ஒருவருக்கு, உரிம வகையைப் பொறுத்தவரை, நடுத்தரப் பேருந்தும் கனரகப் பேருந்தும் விலக்கப்பட்டவை அல்ல. எனினும் பொதுமக்கள் ஏறும் ஊர்திகளை ஓட்டுவோர் அணியவேண்டிய பேட்ஜ், சீருடை முதலியன பற்றி விதிகள் வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. எனவே பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமரும் முன்னர், தம் மாநில விதிகள் வேண்டும் ஒப்புதல்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

மகிழுந்து, டாக்சி, வேன் ஆகியவற்றின் நிலை என்ன? இலகுரக வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருந்தவருக்கே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் வழங்கப்படும். ஆகையால் லாரி ஓட்டுநரின் உரிம அட்டையில் இலகுரக வாகனமும் இடம்பெற்றிருப்பது இயல்பு. அந்த உரிமத்தைக் கொண்டு 7500 கிலோகிராமைத் தாண்டாத டாக்சியையும் மேக்சி கேப்பையும் அவர் ஓட்டலாம்.

இருசக்கர ஊர்தி மட்டும் வேறு. பத்துச் சக்கர லாரியைக் குறுகிய சந்திலும் திருப்பத் தெரிந்தவராயினும், உரிமத்தில் இருசக்கர ஊர்திக்கான வகை குறிக்கப்படவில்லையெனில் அவர் அதனை ஓட்டலாகாது. பெரிய ஊர்திக்கான உரிமம் சிறியவை அனைத்தையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. உரிமத்தில் எழுதப்பட்டிருப்பது எதுவோ அதற்கே அது செல்லும்.

பள்ளிப் பேருந்துக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் உள்ளன. தமிழ்நாட்டில் பள்ளி ஊர்திகளை ஒழுங்குபடுத்த 2012ஆம் ஆண்டில் சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன. தம்மைக் காத்துக்கொள்ளும் வயது வராத குழந்தைகள் ஏறும் ஊர்தி என்பதால், சட்டம் அங்கே கூடுதல் கவனம் செலுத்துகிறது.

தெரிந்து தெளிவோம்

● இந்தியாவில் போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்த அளவு வயது 20. மற்ற மோட்டார் ஊர்திகளுக்குப் பொதுவாக 18.
● போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். முன்னர் இது மூன்று ஆண்டுகளாக இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை நீட்டித்தது. எளிதில் தீப்பற்றும் பொருள்கள் போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றும் ஊர்திகளை ஓட்டுவோருக்கு இக்காலம் மூன்று ஆண்டுகளே.
● ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் லாரிக்கு ‘சி’ வகை உரிமமும் பேருந்துக்கு ‘டி’ வகை உரிமமும் தனித்தனியே பெறவேண்டும். அமெரிக்காவில் வணிக ஊர்தி உரிமம் பெற்ற லாரி ஓட்டுநர் பேருந்து ஓட்ட விரும்பினால், பயணிகளுக்குரிய ‘பி’ என்னும் மேலொப்பத்தைத் தனித்தேர்வு எழுதிப் பெறவேண்டும். பள்ளிப் பேருந்துக்கு ‘எஸ்’ என்னும் மேலொப்பமும் தேவை.

நீதிமன்றம் தெளிவாக்கியது

எடையையும் பயன்பாட்டையும் சட்டம் ஒருசேர அளவுகோலாகக் கொண்டமையால் ஒரு சிக்கல் எழுந்தது. இலகுரக வாகன உரிமம் மட்டும் உடைய ஒருவர், 7500 கிலோகிராமைத் தாண்டாத வாடகை வேனையோ சிறு சரக்கு ஊர்தியையோ ஓட்டினால் அவருக்குப் போக்குவரத்து வாகன உரிமம் தனியே வேண்டுமா? விபத்து நேர்ந்தபோது, ‘ஓட்டுநரிடம் உரிய உரிமம் இல்லை’ என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. இழப்பீட்டை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களின் வழக்குகள் நீண்டன.

2017ஆம் ஆண்டில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தனி உரிமம் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சரிமை பின்னர் வினவப்பட்டு, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல்சாசன அமர்வின் முன் சென்றது. 2024 நவம்பர் 6ஆம் நாள் ரம்பா தேவி வழக்கில் அவ்வமர்வு முந்தைய முடிவையே உறுதிசெய்தது. 7500 கிலோகிராம் வரையுள்ள போக்குவரத்து வாகனங்களுக்கு இலகுரக உரிமமே போதும். போக்குவரத்து வாகனத்துக்கான கூடுதல் தகுதிகள் அந்த எடையைத் தாண்டிய நடுத்தர, கனரக ஊர்திகளை ஓட்டுவோர்க்கே பொருந்தும் என்று அது விளக்கியது. சிற்றூர்திகளை ஓட்டிப் பிழைப்போர் பலருடைய வாழ்வோடு தொடர்புடையது இத்தீர்ப்பு.

ஓட்டுநரின் தகுதி வேறு. ஊர்தியின் தகுதி வேறு

இதுவரை கண்டவை யாவும் முதல் கேள்விக்குரிய விடைகள். நம் லாரி ஓட்டுநர் வாடகை வேனை ஓட்டலாம்; உரிய ஒப்புதல்களுடன் பேருந்தையும் ஓட்டலாம். அப்படியானால் தம் லாரியில் முப்பத்தைந்து பேரை ஏற்றிச் செல்லலாமா? கூடாது. அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் கூடாது. ஏனெனில் இங்கே குறை ஓட்டுநரிடம் இல்லை, ஊர்தியிடம் உள்ளது.

சரக்கு ஊர்தி என்பது சரக்கை ஏற்றுவதற்கென்றே கட்டமைக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டது. ஊர்தியின் உரிமையாளர் அனுமதிச்சீட்டில் கூறப்பட்ட முறையிலன்றி அதனைப் பயன்படுத்தலாகாது. மொத்த எடை 3000 கிலோகிராமைத் தாண்டாத சிறு சரக்கு ஊர்திகளுக்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை என்றொரு விலக்கு உண்டு. நம் ஊர்களில் ‘குட்டி யானை’ என வழங்கும் ஊர்திகளுக்கு இவ்விலக்கைக் காட்டி, ‘இதில் யாரை ஏற்றினாலும் குற்றமில்லை’ என்று கருதுவோர் உண்டு. அவ்விலக்கு சரக்கு ஏற்றுவதற்குத் தரப்பட்டதேயன்றி மக்களை ஏற்றுவதற்குத் தரப்பட்டது அன்று.

பொறுப்பு ஓட்டுநரோடு முடிவதுமில்லை. உரிய உரிமம் இல்லாத ஒருவரை ஓட்டவிடும் உரிமையாளரும் சட்டத்தின்முன் குற்றவாளியே. ஓட்டியவருக்கும் ஓட்டவிட்டவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5000 ரூபாய் தண்டமோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

மூட்டையும் மனிதரும்

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது? விடை இயற்பியலில் உள்ளது. ஓடும் ஊர்தியில் இருப்போரின் உடலும் ஊர்தியின் வேகத்திலேயே செல்கிறது. ஓட்டுநர் திடீரெனத் தடையை அழுத்தினால் ஊர்தி நிற்கும். உடலோ நிலைமத்தால் முன்னோக்கிச் செல்லும். பேருந்தில் முன்னிருக்கையும் பிடிகம்பியும் ஓரளவு தாங்கும். லாரியின் திறந்த தளத்தில் அமர்ந்திருப்பவரைத் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பக்கவாட்டுப் பலகைகள் மூட்டைகளைத் தடுக்க அமைக்கப்பட்டவை. மனிதரைக் காக்க அமைக்கப்பட்டவை அல்ல.

கயிற்றால் இறுக்கிக் கட்டிய மூட்டை வளைவில் அசையாது. நிற்கின்ற மனிதர்களோ வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வார்கள். நிற்போர் பெருகப் பெருக ஊர்தியின் ஈர்ப்பு மையம் உயரும். உயர்ந்த ஈர்ப்பு மையமும் ஒருபக்கச் சாய்வும் சேரும்போது ஊர்தி கவிழ்வதற்கு மிகுந்த வேகம் வேண்டியதில்லை. பேருந்தில் அவசர வழி உண்டு, படிக்கட்டு உண்டு, கூரை உண்டு. கவிழ்ந்த சரக்கு ஊர்தியின் அடியில் சிக்கியவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

ஏற்றியது மூட்டையானால் இழப்பைப் பணத்தால் ஈடுசெய்யலாம். ஏற்றியது மனிதரானால் எதனால் ஈடுசெய்வது?

காப்பீடு கைவிடும் இடம்

விபத்துக்குப் பின் எஞ்சியோரின் வாழ்வுக்குத் துணையாவது காப்பீடு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குடும்பத்தார் முறையிடும்போது, அந்த ஊர்தியின் காப்பீடு யாரைக் காக்கிறது என்ற கேள்வி எழும். சரக்கு ஊர்தியில் சரக்கின் உரிமையாளரோ அவரால் அனுப்பப்பட்டவரோ உடன் செல்லலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இவர்களுக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் கட்டணமின்றி உறவுக்காகவும் நட்புக்காகவும் சரக்கு ஊர்தியில் ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தகைய நிலையில் இழப்பீட்டுச் சுமை ஊர்தியின் உரிமையாளர்மீது விழும். அவரிடம் பொருள் இல்லையெனில் தீர்ப்பு தாளில் மட்டுமே இருக்கும்.

உரிமக் குறைபாட்டைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினரைக் காக்க முயன்றுள்ளன. 2004ஆம் ஆண்டில் சுவரண் சிங் வழக்கின் தீர்ப்பு இதற்குத் துணை நின்றது. ஓட்டுநரிடம் முறையான உரிமம் இல்லாத நேர்வுகளிலும், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. ஆகவே உரிமத்தைச் சரிபார்க்காத உரிமையாளரின் வீடும் நிலமும் கூட இடருக்குள்ளாகலாம்.

மாப்பிள்ளை சொன்ன விடை

இனி அக்குடும்பத்தாரிடம் திரும்புவோம். லாரி ஓட்டும் அந்த மாப்பிள்ளை மாமனாரின் சொல்லைத் தட்ட முடியாமல் தவித்திருக்கலாம். உறவில் மறுப்பது எளிதன்று. ஆயினும் அவர் கூறவேண்டிய விடை இதுதான்:

“மாமா, பாத்திரமும் பந்தல் சாமானும் லாரியில் வரட்டும், அதை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன். பிள்ளைகளும் பெரியவர்களும் பேருந்தில் வரட்டும். வாடகைப் பணத்தில் என் பங்கையும் தருகிறேன். லாரியில் ஆளை ஏற்றி, வழியில் ஏதேனும் நேர்ந்துவிட்டால், இருபது வருடமாகக் காப்பாற்றிய உரிமமும் போகும். ஈடுசெய்ய முடியாததும் போகும்.”

இவ்விடையில் மறுப்பு இருக்கிறது, அன்பும் இருக்கிறது. தம் தொழிலை அறிந்தவர் தமக்குத் தெரிந்ததை உறவுக்காக மறைத்துவிடலாகாது. உரிமம் என்னும் சிறு அட்டை, ‘இவருக்கு ஓட்டத் தெரியும்’ என்பதற்கு அரசு தரும் சான்று. எதனை ஓட்டக்கூடாது, யாரை எதில் ஏற்றக்கூடாது என்பதை அறிந்து நடப்பது, அச்சான்றுக்கு அவர் தாமே சேர்த்துக்கொள்ளும் தகுதி.

மாணவர்களே, உங்களுள் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பீர்கள். சிலருடைய தந்தையோ தமையனோ ஓட்டுநராக இருக்கலாம். வீட்டுக்குச் சென்றதும் அவர்களுடைய உரிம அட்டையை வாங்கிப் பாருங்கள். எந்த வகை ஊர்திக்கு, எந்த நாள் வரை செல்லும் என்று படித்துச் சொல்லுங்கள். அடுத்தமுறை திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ சரக்கு ஊர்தியில் ஏறுமாறு யாரேனும் அழைத்தால், ஏறுவதற்கு முன் நின்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.

இலக்கணக் குறிப்பு

ஏறியவர்கள் – வினையாலணையும் பெயர்
சரிபார்க்காத உரிமையாளர் – எதிர்மறைப் பெயரெச்சம்
மேடும் பள்ளமும், வீடும் நிலமும் – எண்ணும்மைகள்

பகுபத உறுப்பிலக்கணம்

எண்ணினான் – எண்ணு + இன் + ஆன்
எண்ணு – பகுதி
இன் – இறந்தகால இடைநிலை
ஆன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஊர்தியின் பதிவுச்சான்று, காப்பீட்டு ஆவணம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் உள்ள செய்திகளைத் தொகுத்து அட்டவணையாக்குக.
2. ‘சரக்கு ஊர்தியில் பயணம் செய்யோம்’ என்னும் பொருளில் உங்கள் ஊர் மக்களுக்கான துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.
3. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துவதற்குப் பத்து வினாக்களைத் தயாரிக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. மேக்சி கேப்பில் ஓட்டுநரை நீக்கிப் பயணம் செய்யத்தக்கோரின் உச்ச எண்ணிக்கை
அ) 6 ஆ) 10 இ) 12 ஈ) 16

2. நான்கு வகை உரிமங்களுக்கு மாற்றாகப் ‘போக்குவரத்து வாகனம்’ என்னும் ஒரே வகை வந்த ஆண்டு
அ) 1939 ஆ) 1988 இ) 1994 ஈ) 2019

குறுவினா
1. மொத்த எடை என்பது யாது?
2. சேமவச்சு குறித்து எழுதுக.

சிறுவினா
1. லாரி ஓட்டுநர், தம் உரிமத்தைக் கொண்டு ஓட்டத்தக்க பயணிகள் ஊர்திகள் யாவை? விளக்குக.
2. மூட்டையை ஏற்றுவதற்கும் மனிதரை ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவியல் நோக்கில் எழுதுக.

நெடுவினா
1. ‘ஓட்டுநரின் தகுதி வேறு, ஊர்தியின் தகுதி வேறு’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.